பேனா முள்

பேனா முள்: மைப்பேனாவின் நுனியில் பொருந்தி, மையைத் தாளுக்குக் கொண்டுசேர்க்கும் வளைந்த உலோகத் தகடு, பேச்சுவழக்கில் நிப்பு. மையின் அரிப்பைத் தாங்குவதால் 14 காரட் தங்கமும் துருப்பிடிக்காத எஃகும் இதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன.

கைவினை முறையில் மெல்லிய தகட்டை இலை வடிவில் வெட்டி, சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, மரக்கட்டைமேல் இறுக்கி, எண்ணெயிட்டுத் துளையிடுவர். துளையிடுவது கடினமான கட்டம். மழுங்கிய டிரில் பிட் எஃகை வெட்டாமல் தேய்த்தால், அவ்விடம் இறுகி மேலும் துளைக்க இயலாததாகிவிடும். ஆகவே கூரிய பிட்டும் குறைந்த வேகமும் இன்றியமையாதவை. பின்னர் தகட்டை வளைத்து, நுனியிலிருந்து துளைவரை மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் பிளவிடுவர். துளை, பிளவின் முனையில் சேரும் அழுத்தத்தைப் பரப்பி, விரிசல் நீளாமல் தடுக்கிறது. மை நுண்புழை விசையால் பிளவு வழியே இறங்குகிறது. தேயாதிருக்க நுனியில் கடின உலோகக் கலவை மணி பற்றவைக்கப்படும்.

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் பேனா முள் தயாரிப்புக்குப் பெயர்பெற்றது. இக்கைத்திறன் அங்குச் சிறு பட்டறைகளில் வளர்ந்தது. பந்துமுனைப் பேனா பரவியபின் இத்தொழில் பெரிதும் சுருங்கியது.