நாற்பதைத் தாண்டாதே! – புது எஞ்சினைப் பழக்கிய கதை

புது வண்டி எடுத்து ஷோரூம் வாசலைத் தாண்டிய அரை மணி நேரத்தில் ஊரிலிருந்து இரண்டு போன் வரும். அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோமா என்று தெரியணும். அப்பாவுக்கு வேறு கவலை. "ஏல, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதுக்கு மேல மிதிக்காத!"

புனேயில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் வருஷா வருஷம் தீபாவளியை ஒட்டி இந்தப் பேச்சு கிளம்பும். பண்டிகைக்கு முந்தின வாரம் வண்டி டெலிவரி. அதிலேயே குடும்பத்தோடு திருநெல்வேலி போகணும். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். நாற்பதில் போனால் தீபாவளிக்குக் கிளம்பி கார்த்திகைக்குத்தான் ஊர் போய்ச் சேரலாம் :-)

போகலாமா கூடாதா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாற்பது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, இப்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகவே வந்துவிடும். அதனால் கொஞ்சம் சரித்திரம்.

அம்மி கொத்தின கதை

அம்மி கொத்துகிறவர் வந்து கொத்திவிட்டுப் போனதும் வீட்டில் என்ன செய்வார்கள்? உடனே மிளகாய் வைத்து அரைக்க மாட்டார்கள். தவிடோ ஊறப்போட்ட அரிசியோ வைத்து இரண்டு மூன்று தடவை அரைத்து, அதை வழித்துக் கொட்டிவிடுவார்கள். கல் கரகரப்பாக இருந்தால்தான் அரைபடும். ஆனால் கொத்தின கூர்முனைகள் அப்படியே இருந்தால் சட்னியில் மண் கடிபடும். கோயமுத்தூர் கிரைண்டரை ரயிலில் ஏற்றி இங்கே கொண்டுவந்த நம் மக்கள் எல்லாருமே இதைச் செய்தவர்கள்தான்.

எஞ்சினுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக விட மாட்டார்கள். ஹோனிங் என்ற முறையில் சாணைக்கல் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், முதல் சில நூறு கிலோமீட்டரில் கீறல்களின் மேல்முனைகளைத் தேய்த்துத் தானும் கொஞ்சம் தேய்ந்து, அந்தச் சுவரோடு பொருந்திவிடும். தேய்ந்த உலோகத்தூள் ஆயிலோடு போகும். அதை வடித்துக் கொட்டுவதுதான் அந்தக் காலத்து 'முதல் ஆயில் சேஞ்ச்'. தவிட்டை வழித்துக் கொட்டுகிற அதே வேலை.

இதில் ஒரு முக்கியமான விஷயம். ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் அதைச் சுவரோடு அழுத்துவதில்லை. சிலிண்டருக்குள் எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து வெளியே தள்ளுகிறது. பெரிய அழுத்தம் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் எஞ்சினுக்குக் கொஞ்சம் பாரம் கொடுத்தால்தான் ரிங் உட்காரும். ரொம்பத் தாலாட்டி ஓட்டினால் ரிங் முழுதாகப் பொருந்தாது. ஆயில் சுவரிலேயே காய்ந்து வார்னிஷ் போலப் படிந்துவிடும். அப்புறம் ஆயுசு முழுக்க ஆயில் குடிக்கிற வண்டிதான். மாறாக எடுத்த எடுப்பிலேயே விரட்டினால், பொருந்தாத இடங்களில் சூடு ஏறி உலோகம் உலோகத்தைப் பிறாண்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் போகணும்.

வாங்கினவன் தலையில் விழுந்த வேலை

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. சுழலும் பாகங்கள் வாரி இறைக்கிற ஆயில்தான். தண்டு சுழலும் பேரிங்குகளில் பாபிட் என்ற மிருதுவான வெள்ளீயக் கலவை. அது தண்டோடு பொருந்துவதற்காகத் தொழிற்சாலையிலேயே வெளிச் சக்தியால் எஞ்சினைச் சுழற்றுவார்கள். மீதிப் பொருத்தம் எல்லாம் வாங்கினவர் பொறுப்பு. பியூரோலேட்டர் ஆயில் ஃபில்டர் வந்ததே 1923-ல்தான். அதுவரை தேய்ந்த தூள் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

உலோகத்தைக் கடைவதில் அந்தக் காலத்தில் எட்டக்கூடிய துல்லியத்துக்கு ஒரு எல்லை இருந்தது. கடைசி மைக்ரான்களைச் சரிசெய்யும் வேலையை வாடிக்கையாளரின் சாலைக்குத் தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்தில் அது ஒரு சமூகப் பழக்கமாகவே ஆகிப்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருஷங்களில் புதுக் கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்' என்று ஒரு அட்டை தொங்கும். 'வண்டி புதுசு, மெதுவாகத்தான் போவேன், நீங்க முந்திக்கோங்க' என்று அர்த்தம். அந்த நாட்டு பி.எம்.சி. கம்பெனியின் பல கையேடுகள், முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலைத் தாண்டாதே என்றன. அதோடு, எந்த கியரிலும் முழுசாக மிதிக்காதே, எஞ்சினைத் திணற விடாதே என்றும் சொன்னன.

அந்தக் கணக்கு மைலில். 45 மைல் என்றால் 72 கிலோமீட்டர். நாற்பது மைல் என்றாலும் 64 வருகிறது. இந்தியா 1950-களின் கடைசியில் மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. மைலில் சொன்ன நாற்பதும் கிலோமீட்டரில் சொன்ன நாற்பதும் ஒன்றில்லை. ஒன்று சாதாரண ஓட்டம். இன்னொன்று டாப் கியரில் எஞ்சின் முனகுகிற ஓட்டம்.

நம்மூர் வண்டிகள்

அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரானது. 1959-லிருந்து அதில் இருந்தது பி.எம்.சி.யின் 1489 சி.சி. எஞ்சின். பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100. சென்னையில் 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மொத்தமே இவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கின வண்டி. இன்னொன்று வாங்குவோம் என்ற எண்ணமே பலருக்குக் கிடையாது. எஞ்சினில் ஒரு கீறல் விழுந்தால் மாற்றுச் சாமான் தேடி ஊர் ஊராக அலையணும். அந்தத் தலைமுறை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டியதில் பயம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது.

அப்போது ஒரே எஞ்சினைப் பல தடவை பழக்க வேண்டியும் வந்தது. சிலிண்டர் தேய்ந்து புகை கக்க ஆரம்பித்தால் லேத்துக்குக் கொண்டுபோய் 'ரீபோர்'. உட்சுவரை இருபது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, பெரிதாக்கிக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை நாற்பது தௌ. ஒவ்வொரு தடவையும் ரன்னிங்-இன் முதலிலிருந்து ஆரம்பம். இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அமால்கமேஷன்ஸ் குழுமம் 1949-லேயே செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டது. நாடு முழுக்க ரீபோர் ஆன எஞ்சின்களுக்குள் வடசென்னை பிஸ்டன்களும் ரிங்குகளும் ஓடின.

இரு சக்கர வண்டிக்காரர்கள் இன்னும் ஜாக்கிரதை. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் வார்ப்பிரும்பு சிலிண்டரைப் பழக்குவது ஒரு விரதம் மாதிரி. டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் முதல் சில டாங்க் பெட்ரோலுக்கு ஆயில் கூடுதலாகக் கலப்பார்கள். மறந்தால் நடுரோட்டில் பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிடும்.

பேர் தெரியாத ஆசிரியர்கள்

இந்தச் சரித்திரத்தில் யாரும் எழுதாத ஒரு கூட்டம் உண்டு. அந்தக் காலத்தில் எண்ணூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் முழு உருவத்தில் வெளிவந்ததில்லை. எஞ்சின், சட்டம், சக்கரம் மட்டும். கூரையும் இல்லை, கதவும் இல்லை. அந்த வெறும் சேஸிஸில் ஒரு சீட்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடி, வெயிலிலும் மழையிலும் வரிசையாக ஓட்டிப் போவார்கள். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் பாடி கட்டப் போனவை கொஞ்ச தூரம்தான். வடக்கே போனவை இரண்டாயிரம் கிலோமீட்டர்.

அந்த எஞ்சின்களின் முதல் ஓட்டமே அதுதான். லாரி முதலாளி சாவியை வாங்கும் முன்பே, கூலிக்கு ஓட்டிய ஒரு டிரைவர் கட்டுப்பாடான வேகத்தில் ஓட்டி அதைப் பழக்கிக் கொடுத்துவிட்டிருந்தார். எஞ்சின் நன்றாக ஓடினால் புகழ் கம்பெனிக்கு. அந்த டிரைவருக்குக் கிடைத்தது ஊர் திரும்பும் டிக்கெட்.

960 என்ற விநோத எண்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கைமாறியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஜப்பானிய சுசுகியின் வடிவமைப்பு. சுசுகி கையேடுகளில் ரன்னிங்-இன் தூரம் 960 கிலோமீட்டர். ஏன் ஆயிரம் இல்லை? 960 என்பது 600 மைல். 'முதல் 320 கிலோமீட்டருக்குச் சடாரென்று பிரேக் போடாதே' என்பதும் 200 மைல்தான். கிலோமீட்டரில் அளக்கிற ஜப்பானும் இந்தியாவும் மைல்காரர்களின் பழைய எண்ணை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

அதைவிட முக்கியம், அந்தக் கையேட்டில் நாற்பது என்ற எண் இல்லை. மிதமான சுழற்சியில் ஓட்டு, முழுசாக மிதிக்காதே, ரொம்ப நேரம் ஒரே வேகத்தில் போகாதே, பெரிய கியரில் மெதுவாக ஊர்ந்து போகாதே. கடைசி இரண்டையும் கவனியுங்கள். டாப் கியரில் நாற்பதில் உருட்டுவது அந்தக் கையேட்டுப்படியே தப்பு!

ஒரே வேகம் என்பது அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு வராத பிரச்னை. மாட்டு வண்டி, ரயில்வே கேட், பள்ளம் என்று சாலையே வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வே 2002-ல் முழுதாகத் திறந்தது. நாற்கரச் சாலைகளும் வந்தன. மணிக்கணக்கில் முள் அசையாமல் போவது அப்புறம்தான் நமக்குச் சாத்தியமானது.

வேலை தொழிற்சாலைக்குத் திரும்பியது

இதற்குள் தொழிற்சாலைகள் மாறிவிட்டன. பிளாட்டோ ஹோனிங் என்ற முறையில், கீறல் போட்ட பிறகு அதன் மேல்முனைகளை மட்டும் இன்னொரு முறை சீவிவிடுகிறார்கள். நாம் 500 கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்ததில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ரிங்குகளின் மேற்பூச்சும் ஆயிலின் தரமும் உயர்ந்துவிட்டன. இப்போது பல ஆலைகளில் எல்லா எஞ்சினையும் பெட்ரோல் ஊற்றிச் சோதிப்பதுகூட இல்லை. மோட்டாரால் சுழற்றி, சென்சார் வைத்தே குறை கண்டுபிடிக்கிறார்கள். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றாதீர்கள் என்றே ஹோண்டா சொல்கிறது. தாத்தா கேட்டால் அதிர்ந்துபோவார்.

2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் நேரெதிரான ஒரு கட்சியும் கிளம்பியது. முதல் நாளே நன்றாக விரட்டு, அப்போதுதான் ரிங் உட்காரும் என்றார்கள். விமான பிஸ்டன் எஞ்சின்களைச் சாட்சிக்கு இழுத்தார்கள். லைகமிங் கம்பெனி, புது சிலிண்டரை 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்டியே பழக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அதுவும் நூறு சதவீதம் இல்லை. பாரம் வேணும் என்பதற்கு அது சாட்சி. விரட்டு என்பதற்கு இல்லை.

சரி, ஊருக்குப் போகலாமா?

போகலாம். முடிந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரை இங்கேயே ஓட்டிவிடுங்கள். மகாபலேஷ்வர் ஒரு நாள் போய்வந்தால் போதும். மலைப்பாதையில் ஏறும்போது பாரம், இறங்கும்போது ஓய்வு. எஞ்சினுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நேரம் இல்லையா? நெடுஞ்சாலையில் கம்பாட்கி காட் தாண்டிய பிறகு எண்பது, எழுபது, தொண்ணூறு என்று வேகத்தை மாற்றிக்கொண்டே போங்கள். குரூயிஸ் கன்ட்ரோலை இந்தப் பயணத்தில் தொடாதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

புது டயரும் புது பிரேக்கும் பழகாதவைதான். குழந்தைகளும் லக்கேஜுமாக வண்டி நிறைந்திருக்கும்போது எஞ்சினைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி கூடுதலாக விடுங்கள். எலெக்ட்ரிக் கார் வாங்கினவர்களுக்கு பிஸ்டனும் இல்லை ரிங்கும் இல்லை. ஆனால் இந்த ஒரு பத்தி அவர்களுக்கும் உண்டு.

ராத்திரி எங்கே தங்கினாலும், காலையில் கிளம்பும் முன் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ரிங் முழுதாக உட்காரும் வரை புது எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம். கோடு இறங்கியிருந்தால் கையேட்டில் சொன்ன அதே ஆயிலை ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.