1,197 சிசி: 2.7 மி.மீ. குறைத்ததால் மிச்சமான வரி

உங்கள் காரின் ஆர்.சி.யில் 1,197 சிசி என்று இருக்கிறதா? அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது.

ஸ்ட்ரோக் என்றால் என்ன?
சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம். சிலிண்டரின் குறுக்குப் பரப்பை ஸ்ட்ரோக்காலும் சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் சிசி வந்துவிடும்.

எதற்காகக் குறைத்தார்கள்?
4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசி தாண்டாத பெட்ரோல் கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் வரி குறைந்தது. சுசுகியின் 4 சிலிண்டர் கே12 இன்ஜின் வெளிநாடுகளில் 1,242 சிசி. விட்டம் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 74.2 மி.மீ. இந்தியாவில் ரிட்ஸ், ஸ்விஃப்ட் கார்களுக்கு விட்டத்தில் கை வைக்காமல் ஸ்ட்ரோக்கை மட்டும் 71.5 மி.மீ. ஆக்கினார்கள். 45 சிசி குறைந்தது.

பவரும் குறையுமா?
உள்ளே வரும் காற்றும் பெட்ரோலும் சுமார் 3.6% குறைவு. டார்க்கும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். ஆனால் பிஸ்டன் ஓடும் தூரமும் குறைகிறது: 6,000 ஆர்பிஎம்மில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 14.8 மீட்டரிலிருந்து 14.3 ஆகிறது. அதனால் இன்ஜினைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழலவிட்டு, இழந்த பவரில் ஒரு பகுதியை மீட்கலாம்.

உங்களுக்கு என்ன லாபம்?
2025 செப்டம்பர் 22 முதல் இந்த இரண்டு வரம்புக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 18%. ஒன்றைத் தாண்டினாலும் 40%.