சேப்பாக்கத்தில் உயர்ந்த விரல்

எங்கள் திருத்தணியில் கிரிக்கெட் பேசாத டீக்கடை கிடையாது. கால்பந்து பேசுகிறவர்கள் என்றால் என்னைப் போல புதுச்சேரிப் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஒன்றிரண்டு பேர்தான். பேஸ்பால் என்ற பெயர் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் மட்டும் அடிபடும். ஆனால் எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அம்பயரின் தலையில்தான் வந்து விடியும். எந்த ஆட்டத்தில் நடுவர் நியாயமாக நடக்கிறார்? இதற்கு 1986ஆம் வருஷத்தை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை விளக்கம். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்தப் பழக்கம் போகாது. பிரெஞ்சில் கால்பந்து ரெஃப்ரி, கிரிக்கெட் அம்பயர் எல்லோருக்கும் ஒரே சொல்தான், ‘ஆர்பித்ர்’. இங்கிலீஷில் இருக்கிற ‘அம்பயர்’ என்ற சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து போனது. ‘நோன்பேர்’ என்றால் ஜோடி சேராத ஒற்றை ஆள், அதாவது இரண்டு கட்சிக்கும் வெளியே நிற்கும் மூன்றாமவன். நம் ‘நடுவர்’ என்ற சொல்லும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

மூன்றாமவனை வெளியிலிருந்து கூட்டி வர வேண்டும் என்பது கால்பந்துக்காரர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1930இல் மொண்டெவிடியோவில் முதல் உலகக் கோப்பை இறுதியாட்டம். உருகுவேயும் அர்ஜென்டினாவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஜென்மப் பகை. எந்தப் பந்தை வைத்து ஆடுவது என்பதிலேயே தகராறு. முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து என்று சமாதானம் ஆயிற்று. முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1 என்று முன்னால் இருந்தது. முடிவில் உருகுவே 4-2 என்று ஜெயித்தது. விசில் ஊதியவர் பெல்ஜியத்துக்காரர், ஜான் லாங்கெனஸ்.

கிரிக்கெட்டில் இதற்கு நேர்மாறு. எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டு அம்பயர்தான் நிற்பார். 1912இல் இங்கிலாந்தில் நடந்த முத்தரப்புப் போட்டியை விட்டுவிட்டால் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இதுதான் வழக்கம். வெளியூர் போய்த் தோற்ற அணி எதுவாக இருந்தாலும் ஊர் திரும்பி முதலில் சொல்வது அம்பயர் கதையைத்தான். பாதி நிஜம், பாதி வயிற்றெரிச்சல். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி இல்லாததுதான் கேடு.

இப்போது 1986. செப்டம்பர் 18ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடங்கியது. சென்னை வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்திரேலியா 574. நம்மவர்கள் 397. பிறகு அவர்கள் 170க்கு 5 விக்கெட்டோடு டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 எடுங்கள் பார்க்கலாம் என்று விட்டார்கள். கவாஸ்கர் 90 அடித்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விக்கெட்டுகள் சரிந்தன.

கடைசி ஓவர், கிரெக் மாத்யூஸ். வேண்டியது நாலு ரன், கையில் ஒரே விக்கெட். சாஸ்திரி இரண்டாவது பந்தில் இரண்டு, மூன்றாவது பந்தில் ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். எதிர்முனையிலிருந்து வந்தவர் மணீந்தர் சிங், பேட்டிங் தெரியாதவர் என்று ஊருக்கே தெரியும். நாலாவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். எல்.பி.டபிள்யூ. 347க்கு ஆல் அவுட். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில்.

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொன்னார், பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்திரேலியர்கள் அவுட்தான் என்றார்கள். விக்ரம்ராஜுவும் தன் தீர்ப்பிலிருந்து இறங்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு விஷயம். அந்த மனிதர் இந்தியர். சுற்றிலும் சேப்பாக்கத்துக் கூட்டம். இன்னும் ஒரு ரன் வந்தால் இந்தியா ஜெயிக்கும். சந்தேகத்தின் பலனை பேட்ஸ்மேனுக்குக் கொடு என்ற பழைய சாக்கும் சட்டைப்பையில் இருந்தது. விரலைக் கீழேயே வைத்திருந்தால் இந்தியாவில் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தூக்கினார். அதற்குப் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் நிற்கவில்லை.

சொந்த நாட்டு அம்பயர் சொந்த நாட்டுக்குத்தான் தருவார் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. சரியாக மூன்று மாதம் முன்னால், ஜூன் 22ஆம் தேதி, மெக்சிகோ நகரத்தில் அதற்கு எதிர்க்கதை நடந்திருந்தது. அர்ஜென்டினா - இங்கிலாந்து கால் இறுதி. ரெஃப்ரி துனிசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர், கோட்டுக்கருகில் பல்கேரியாக்காரர். இரண்டு கட்சிக்கும் எந்த ஒட்டும் இல்லாத மூன்றாமவர்கள். மரடோனா கையால் தட்டி கோல் போட்டதை அந்த இருவரையும் தவிர உலகமே பார்த்தது. நடுநிலைக்கு ஒரு குறையும் இல்லை. பார்வைதான் எட்டவில்லை.

இங்கே பிரெஞ்சுக் கட்சிக்காரனாக இரண்டு வரி. 1982இல் செவில்லில் ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் ஓடி வந்து மோதியதில் பாத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பல் உடைந்தது. ரெஃப்ரி ஒரு ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2009இல் தியெரி ஆன்ரி கையால் பந்தை இழுத்து அயர்லாந்தை வெளியேற்றியபோது எங்கள் கட்சிக்காரர்களில் பலர் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நடுவர் என்றதும் எங்கள் ஊருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அங்கே போய்விட்டது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் இரண்டு அரசும் ஒப்புக்கொண்ட மூன்றாமவர் படாஸ்கர், மராட்டியர். கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துக் கோடு போட்டார். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் படாஸ்கர் விலை போனார் என்று சொன்னவரை நான் சந்தித்ததில்லை. இங்கே தாலுகா அலுவலகத்தில் தெலுங்கும் தமிழும் கலந்த பழைய பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம், அந்தக் கோட்டைப் போடுவது எவ்வளவு சிக்கலான வேலையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கிரிக்கெட்டுக்கும் அந்த மூன்றாமவர் அதே 1986 நவம்பரில் வந்தார். தாங்கள் ஜெயித்தால் அம்பயரால் ஜெயித்தோம் என்கிறார்களே என்று இம்ரான் கானுக்கு ஆத்திரம். லாகூரில் வெஸ்ட் இண்டீஸோடு நடந்த டெஸ்டுக்கு வெளிநாட்டு அம்பயர்கள் வந்தார்கள். யார் தெரியுமா? நம்மவர்கள், வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். இரண்டு இந்தியர்களின் தீர்ப்பை நம்பிப் பாகிஸ்தான் தன் மண்ணில் ஆடியது. அந்த டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வியும் கண்டது. 1994இல் ஒரு அம்பயர் வெளிநாட்டவர் என்பது விதியாயிற்று, 2002இல் இருவரும். ஆட்டக்காரராக 57 டெஸ்ட் ஆடி முடித்திருந்த நம் வெங்கட்ராகவன் அம்பயராக 73 டெஸ்ட் நின்றது இந்தக் காலத்தில்தான். அதே 2002இல் சென்னைக்காரர் கோமளீஸ்வரன் சங்கர் கால்பந்து உலகக் கோப்பையில் உதவி நடுவராக இருந்தார். நம் பத்திரிகைகள் அவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

பேஸ்பால் நடுவர்களுக்கு ஊர்ப்பிரச்சினை இல்லை. அவர்கள் லீகின் சம்பள ஆட்கள், எந்த அணிக்கும் சொந்தமில்லை. சாதாரண ஆட்டத்துக்கே நாலு பேர், ஆளுக்கொரு இடம். கிரிக்கெட் மாதிரியே பந்துக்குப் பந்து ஆட்டம் நின்று நின்று நடக்கும். கால்பந்து ரெஃப்ரியோ இருபத்திரண்டு பேரின் நடுவே பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோலும் ஒன்றோ இரண்டோதான் விழும். ஒரு பிழை போதும், ஆட்டமே போய்விடும். அதனால் தரத்தில் பேஸ்பால் ஒரு படி மேல் என்றால் ஒப்புக்கொள்வேன். யோக்கியதையில் மேல் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது வேலையின் அமைப்பு செய்கிற வித்தியாசம்.

அவர்களும் தவறுகிறார்கள். 2010 ஜூன் 2ஆம் தேதி டெட்ராய்டில் கலராகா என்ற பந்துவீச்சாளர் வரிசையாக 26 பேரை அவுட்டாக்கியிருந்தார். 27ஆவது ஆளும் அவுட்தான். ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றுவிட்டார். ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்ததும் ஜாய்ஸ் அழுது மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அணிப் பட்டியலை ஜாய்ஸ் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அதே கலராகா. அந்த மாதமே 27ஆம் தேதி உலகக் கோப்பையில் லாம்பார்ட் அடித்த பந்து ஜெர்மனி கோல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் கோல் இல்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்டது ஃபிஃபா தலைவர்.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் கேமராக்கள் வேகமாக உள்ளே வந்தன. கிரிக்கெட்டில் 1992லேயே வந்துவிட்டது. டர்பனில் மூன்றாவது அம்பயர் ரன் அவுட் கொடுத்த முதல் ஆள் நம் சச்சின். 2021 பிப்ரவரியில், கொரோனாவால் வெளிநாட்டு அம்பயர்கள் வர முடியாமல், சேப்பாக்கத்தில் இங்கிலாந்து ஆடியபோது பழையபடி இந்திய அம்பயர்களே நின்றார்கள். நிதின் மேனனின் தீர்ப்புகளை எதிர் அணிக்காரர்களே பாராட்டினார்கள். சொந்த நாட்டு அம்பயர்கள் என்பதால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அணிக்கு மூன்று முறை மேல்முறையீடு செய்ய இடம் கொடுத்திருந்தார்கள்.

1986இல் மணீந்தருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. அவர் விக்ரம்ராஜுவைப் பார்த்து மட்டையைக் காட்டினார். அம்பயர் ஸ்டம்புகள் பக்கம் நடந்தார்.