சைனிக் பள்ளியில் 6-ம் வகுப்பு சேர்வது எப்படி? தேர்வுக்கு முன்பே இடம் கைநழுவுவது எங்கே?

பையன் 5-ம் வகுப்பு படிக்கிறான், ஓட்டத்தில் முதல் பரிசு, கணக்கும் நல்லா வரும். "சைனிக் ஸ்கூல்ல போட்டுப் பார்க்கலாமே" என்று உறவினர் யாராவது சொல்வார்கள். அன்றைக்குத்தான் பெற்றோர் இணையத்தைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் அப்போது விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். இல்லாவிட்டால், இருக்கிற பத்து நாளில் கிடைக்காத ஒரு சான்றிதழ் தேவைப்படும்.

சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு கடினமானதுதான். ஆனால் தேர்வறைக்குள் போவதற்கு முன்பே வாய்ப்பை இழக்கும் குழந்தைகளும் உண்டு. பிறந்த தேதி, இருப்பிடம், சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

எது சைனிக் பள்ளி?

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைனிக் பள்ளிகள் சங்கம் நடத்தும் உறைவிடப் பள்ளிகள் இவை. வி.கே.கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1961-ல் மகாராஷ்டிராவின் சதாராவில் முதல் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1962 ஜூலையில், தமிழ்நாட்டுக்கும் ஒன்று வந்தது. திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை அருகே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளிதான் அது. சிபிஎஸ்இ பாடத்திட்டம், ஆங்கில வழி. மாணவர்களை 'கேடட்' என்றே அழைப்பார்கள். தேசிய பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்டிஏ-வில், சேர மாணவர்களைத் தயார்படுத்துவதுதான் பள்ளியின் முக்கிய நோக்கம்.

டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியும், பெங்களூரு, பெல்காம் போன்ற இடங்களில் உள்ள ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளும் வேறு. அவற்றுக்கு விண்ணப்பம் வேறு, தேர்வும் வேறு. பெயர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2021 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, தனியார் பள்ளிகள், அறக்கட்டளைகள், மாநில அரசுகளுடன் கூட்டாக 100 புதிய சைனிக் பள்ளிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஏற்கனவே இயங்கும் பள்ளிகளே சைனிக் பள்ளிகளாக அங்கீகாரம் பெறுகின்றன. இவற்றில் 40 சதவீத இடங்களுக்கு அகில இந்தியத் தேர்வின் தரவரிசைப்படி சேர்க்கை நடக்கும். 60 சதவீதம் அதே பள்ளியில் ஏற்கனவே படித்துக்கொண்டு, அந்தத் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு. கட்டணமும் வசதிகளும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே கவுன்சலிங்கில் பள்ளியைத் தேர்வு செய்யும்போது அது பழைய பள்ளியா, புதிய பள்ளியா என்று பார்த்துவிட்டுத்தான் டிக் செய்ய வேண்டும்.

வயது: ஒரு நாள் குறைந்தாலும் முடியாது

6-ம் வகுப்பில் சேர, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று குழந்தைக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும், 12-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. உதாரணமாக 2026-27 கல்வியாண்டுக்கு, 2014 ஏப்ரல் 1 முதல் 2016 மார்ச் 31 வரை பிறந்தவர்கள். 9-ம் வகுப்புக்கு இதே கணக்கில் 13 முதல் 15 வயது. எந்தப் பிரிவினருக்கும் வயதுத் தளர்வு கிடையாது.

தமிழ்நாட்டில் இது எங்கே இடிக்கும்? நம்மூரில் 5 வயது முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். 2016 மே மாதம் பிறந்து, 2021 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 மார்ச் இறுதியில் 5-ம் வகுப்பை முடித்துவிடும், ஆனால் வயது 9 ஆண்டு 10 மாதம்தான். விண்ணப்பிக்க முடியாது. அடுத்த ஆண்டு எழுதலாம். ஆனால் அப்போது அந்தக் குழந்தை 6-ம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருக்கும். இடம் கிடைத்தால் மறுபடியும் 6-ம் வகுப்பு படிக்க வேண்டும். ஒரு வருஷம் போகிறதே என்று சிலர் தயங்குவார்கள். தெரிந்தே இதை ஏற்றுக்கொள்கிற குடும்பங்களும் இருக்கின்றன. வயது வரம்பு இரண்டு ஆண்டு அகலம் என்பதால், முதல் முறை கிடைக்காதவர்கள் இப்படி இரண்டாவது முறை எழுதவும் முடிகிறது.

பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி என்றிருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் இருப்பதுதான் அடிப்படை.

பிசி, எம்பிசி சான்றிதழ் இருக்கே, போதாதா?

போதாது. இதுதான் தமிழ்நாட்டுப் பெற்றோர் அதிகம் தடுக்கி விழும் இடம்.

சைனிக் பள்ளிகளில் மத்திய அரசின் இடஒதுக்கீட்டுப் பிரிவுகள்தான் செல்லும்: எஸ்சி 15 சதவீதம், எஸ்டி 7.5 சதவீதம், ஓபிசி 27 சதவீதம். ஓபிசி ஒதுக்கீடு 2021-22 கல்வியாண்டிலிருந்துதான் வந்தது. பிசி, பிசி முஸ்லிம், எம்பிசி என்பவை மாநிலப் பட்டியலில் உள்ள பிரிவுகள். அந்தச் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருக்க வேண்டும். பெரும்பாலானவை இருக்கின்றன, எல்லாமே இல்லை. அதோடு, கிரீமி லேயரில் வரவில்லை என்று காட்டும் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டு பீரோவில் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழைப் பதிவேற்றினால் ஓபிசியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், விசாரணை முடிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் என்ற வரம்பைப் பார்த்ததும் 'நமக்குக் கிடையாது' என்று ஒதுங்கிவிடுகிற அரசு ஊழியர்கள் உண்டு. அது தவறான புரிதல். அரசு ஊழியரின் சம்பளமும், விவசாய வருமானமும் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. ஆனால் பெற்றோர் எந்த நிலைப் பதவியில் நேரடியாகச் சேர்ந்தார்கள் என்பது தனியாகப் பார்க்கப்படும். அருந்ததியர் சமூகத்துக்கு மாநிலத்தில் உள்ளது போன்ற உள்ஒதுக்கீடு இங்கே கிடையாது, எஸ்சி பிரிவிலேயே வருவார்கள்.

இருப்பிடச் சான்றும் முக்கியம். ஒரு சைனிக் பள்ளியில் 67 சதவீத இடங்கள் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, 33 சதவீதம் மற்ற மாநிலத்தவருக்கு. அப்பா பெங்களூருவில் வேலை, குழந்தை அங்கே படிக்கிறது, சொந்த ஊர் தர்மபுரி என்றால், எந்த மாநிலம் என்று குறிப்பிடுகிறீர்களோ அதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றிருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

மொத்தத்தில் போட்டி எப்படி இருக்கும்? ஒரு பள்ளியில் 100 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம், புரிவதற்காக மட்டும். மாநிலத்தவருக்கு 67. அதில் எஸ்சி சுமார் 10, எஸ்டி 5, ஓபிசி 18. மீதி 34-ல் கால் பங்கு, அதாவது 8 அல்லது 9 இடங்கள், ராணுவத்தினர் மற்றும் முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு. பொதுப் போட்டிக்கு 25 இடம்தான் மிஞ்சும். ஒரு சான்றிதழ் தவறினால் எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைக்குத் தள்ளப்படுவீர்கள் என்பது இதிலேயே தெரியும். உண்மையான இட எண்ணிக்கை பள்ளிவாரியாக ஒவ்வொரு ஆண்டும் வெளியாகும்.

பெண் குழந்தைகள் சேரலாமா?

சேரலாம். 2021-22 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் 6-ம் வகுப்பில் மாணவிகள் சேர்க்கப்படுகிறார்கள். 10 சதவீதம் அல்லது 10 இடங்கள், இதில் எது அதிகமோ அது. என்டிஏ-வில் பயிற்சி முடித்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் வெளியே வந்தது. எனவே 'பொண்ணைச் சேர்த்து என்ன பண்ண' என்ற கேள்விக்கு இப்போது இடமில்லை.

தேர்வில் பாதி கணக்குதான்

தேர்வை நடத்துவது தேசிய தேர்வு முகமை. 6-ம் வகுப்புக்கு 125 கேள்விகள், 300 மதிப்பெண், 150 நிமிடம். மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஒவ்வொன்றிலும் 25 கேள்விகள், தலா 2 மதிப்பெண். கணக்கில் மட்டும் 50 கேள்விகள், தலா 3 மதிப்பெண். 300-ல் 150 கணக்குக்கே போய்விடுகிறது. பேப்பரில்தான் தேர்வு, ஓஎம்ஆர் தாளில் பால் பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதுவே புதுசு. ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடிதான் கிடைக்கும் என்பதால், வீட்டில் மாதிரி ஓஎம்ஆர் தாளை வைத்துப் பழக்குவது வீண் வேலை இல்லை.

6-ம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அப்போது மொழிப் பகுதியும் தமிழில்தான் வரும். 9-ம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்.

அப்படியானால் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் குழந்தைக்கு என்ன தடை? பாடத்திட்டம். 6-ம் வகுப்புக்கான தேர்வு என்றாலும் விகிதம், லாப நஷ்டம், சதவீதம், தனிவட்டி எல்லாம் கணக்குப் பகுதியில் உண்டு. இப்போதுள்ள சமச்சீர் பாடத்தில் விகிதமும் லாப நஷ்டமும் 6-ம் வகுப்பில் வருகின்றன, சதவீதமும் தனிவட்டியும் 7-ம் வகுப்பில். 5-ம் வகுப்புப் புத்தகத்தை முழுசாக முடித்த குழந்தையும், பார்த்தே இராத கணக்குகளைத் தேர்வறையில் சந்திக்கும். குழந்தைக்குத் திறமை இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 6, 7-ம் வகுப்புப் புத்தகங்களின் அந்தப் பாடங்களை மட்டும் ஆறேழு மாதம் முன்பே வீட்டில் எடுத்தால், பெரிய கோச்சிங் சென்டர் இல்லாமலும் சமாளிக்க முடியும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எனவே ஒரு கேள்வியையும் விடக் கூடாது.

பாஸ் ஆனால் இடம் கிடைத்துவிடுமா?

ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம், அதாவது 120 மதிப்பெண் எடுத்தால் 'தகுதி பெற்றவர்'. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு இந்தக் குறைந்தபட்ச வரம்பு இல்லை, அவரவர் பிரிவுக்குள் தரவரிசை பார்க்கப்படும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 25 சதவீதம் வந்துவிடும். ஆகவே 'குவாலிஃபைடு' என்று ஸ்கோர்கார்டில் வந்ததும் ஸ்வீட் வாங்கிவிட வேண்டாம். கட் ஆஃப் அதற்கு வெகு மேலே நிற்கும்.

அடுத்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கோர்கார்டோடு தேர்வு முகமையின் வேலை முடிந்தது. இடம் ஒதுக்குவது சைனிக் பள்ளிகள் சங்கத்தின் இ-கவுன்சலிங். அதற்கு வேறு இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பள்ளிகளை விருப்ப வரிசையில் தர வேண்டும். பல சுற்றுகள் நடக்கும். ஒதுக்கிய இடத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தவர்களுக்கு இந்தத் தகவலே வராது. பெற்றோர் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

இடம் ஒதுக்கியபின் மருத்துவப் பரிசோதனை, அசல் சான்றிதழ் சரிபார்ப்பு. ராணுவத்துக்கான உடற்தகுதியை மனதில் வைத்தே பரிசோதிப்பார்கள். பார்வை, காது, முழங்கால், தட்டைப் பாதம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு வருஷம் படித்துவிட்டு இங்கே வந்து நிற்பதைவிட, விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

செலவும் விடுதியும்

இது இலவசப் பள்ளி இல்லை. கல்விக் கட்டணம், சாப்பாடு, சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். முதல் ஆண்டில் முன்வைப்புத் தொகை வேறு. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகை உண்டு, ஆனால் அதற்கும் நிபந்தனைகள் இருக்கும். என்டிஏ தேர்வை எழுதுவதற்கு பள்ளி தயார்படுத்தும், எழுதவும் சொல்லும். 12-ம் வகுப்பு முடித்தவர்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போய்விடுவதில்லை. பொறியியல், மருத்துவம் பக்கம் போனவர்களும் இருக்கிறார்கள். உதவித்தொகை வாங்கும் குடும்பம் கையெழுத்துப் போடும் முன் அந்தப் படிவத்தை முழுசாகப் படித்துவிட வேண்டும்.

பத்து வயதில் வீட்டை விட்டுப் போகப் போவது குழந்தைதான். அதிகாலை எழுந்து பயிற்சிக்கு ஓடுவதும், தன் துணியைத் தானே பார்த்துக்கொள்வதும் பழக வேண்டும். அப்பாவின் ஆசைக்காக மட்டும் போன பிள்ளைகள் முதல் விடுமுறைக்கு வந்ததும் திரும்பிப் போக மறுப்பது உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே குழந்தையிடம் ஒருமுறை மனசுவிட்டுக் கேட்டுவிடலாம்.

எப்போது தொடங்க வேண்டும்?

தேதி ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2024-ல் தேர்வு ஜனவரி 28-ல் நடந்தது, 2025-ல் ஏப்ரல் 5-ல். அதனால் 'போன வருஷம் இந்த மாசம்தானே' என்று காத்திருக்கக் கூடாது. செப்டம்பர் முதலே வாரம் ஒருமுறை தேசிய தேர்வு முகமையின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது பாதுகாப்பு. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான். புகைப்படம், கையெழுத்து, கைவிரல் ரேகை ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்தம் செய்ய ஓரிரு நாட்கள் தருவார்கள், ஆனால் எல்லா விவரங்களையும் அப்போது மாற்ற முடியாது. பணம் கட்டும் முன் பிறந்த தேதி, பிரிவு, மாநிலம் மூன்றையும் அசல் சான்றிதழ்களோடு வைத்து வரி வரியாக ஒப்பிட்டுவிட்டு, உறுதிப்படுத்தும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கவுன்சலிங் வரை அது தேவைப்படும்.