தேங்காய்ச் சிரட்டையும் மஞ்சள் கொடியும்

ஃபிஜிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் டாக்டர் வரிசையாக எழுதித் தந்தார். டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளவும். மலேரியா கிடையாது, ஆனால் டெங்கு உண்டு, கொசுவிடம் ஜாக்கிரதை. மழை வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லாமே தீவிடமிருந்து என்னைக் காப்பாற்றுவதற்கானவை. என்னிடமிருந்து தீவைக் காப்பாற்ற அதில் ஒரு வரிகூட இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மீதி விதிகளை நாந்தியில் டாக்ஸி ஓட்டியவர் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர். "தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும்ணா" என்றார். கிராமத்துக்குப் போகுமுன் சந்தையில் யங்கோனா வேர்க்கட்டு ஒன்று வாங்கவைத்தார். "ஊருக்குள்ள தொப்பி வேணாம்ணா. செருப்ப வெளிய விட்டுடுங்க. புள்ளைங்க தலையத் தொடாதீங்க." இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு சுலுவும் கொடுத்தார். நம்ம லுங்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி அது.

அந்த வேரை ஊர்ப் பெரியவர் முன் வைத்து அனுமதி கேட்பதற்குச் செவுசெவு என்று பெயர். பெரியவர் அதை ஏற்றுக்கொண்டால், அங்கே இருக்கும்வரை விருந்தாளி அந்த ஊரின் பொறுப்பு. என் வேரையும் ஏற்றுக்கொண்டார்கள். வேரை இடித்துக் கரைத்து, ஒரே தேங்காய்ச் சிரட்டையில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு தடவை கைதட்டி, வாங்கிக் குடித்தேன். காலையிலிருந்தே எனக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றிரவு அறையில் உட்கார்ந்து 1875-ஐப் பற்றிப் படித்தேன்.

1874 அக்டோபர் 10 அன்று லெவுகாவில் தலைவர் தாக்கொம்பாவ் ஃபிஜியை பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார். அதற்குப்பின் அவரையும் மகன்களையும் சிட்னிக்கு விருந்தாளிகளாக அழைத்துப்போனார்கள். அங்கே தட்டம்மை இருந்தது. 1875 ஜனவரியில் டைடோ என்ற போர்க்கப்பல் அவர்களை லெவுகாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, அரசர் அம்மை கண்டு தேறியிருந்தார். கூட வந்தவர்களில் சிலருக்கு இன்னும் நோய் இருந்தது. தொற்றுள்ள கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி ஒதுங்கி நிற்கவேண்டும் என்பது அன்றே உலகம் அறிந்த வழக்கம். டைடோ கொடி ஏற்றவில்லை. யாரையும் ஒதுக்கிவைக்கவும் இல்லை.

அரசர் ஊர் திரும்பினால் போய்ப் பார்க்காமல் இருப்பார்களா? தூரத்துத் தீவுகளிலிருந்தும் தலைவர்கள் பரிவாரத்தோடு வந்தார்கள், பெரிய கூட்டங்கள் நடந்தன. தட்டம்மை உடம்புக்குள் போய்ப் பத்து நாளைக்கு ஆளை ஒன்றும் செய்யாது. அதனால் எல்லோரும் நல்லபடியாகவே படகேறி வீட்டுக்குப் போனார்கள். நோயும் கூடவே போனது.

சில மாதங்களில் சுமார் 40,000 பேர் செத்தார்கள். மொத்த மக்கள்தொகையே ஒன்றரை லட்சம்போலத்தான். அதற்குமுன் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. ஆகவே குழந்தை, கிழவர், இளவட்டம் என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் படுத்துவிட்டது. தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லை, சமைக்க ஆளில்லை. காய்ச்சலின் எரிச்சல் தாங்காமல் ஆற்றில் போய்க் கிடந்தார்கள். அம்மையில் பிழைத்தவர்களை நிமோனியாவும் சீதபேதியும் கொண்டுபோயின. வெள்ளைக்காரர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்த நோய் என்று மலைநாட்டு மக்கள் நம்பினார்கள். 1876-இல் வீத்தி லெவுவின் உள்நாட்டில் மூண்ட சண்டைக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

நான்கு வருஷம் கழித்து, 1879 மே மாதம், கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு லியோனிடாஸ் கப்பல் வந்தது. அதில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. இந்தமுறை யாரையும் ஊருக்குள் விடவில்லை. லெவுகாவுக்கு அருகில் யனுதா லைலை என்ற குட்டித்தீவில் மூன்று மாதம்போல நிறுத்திவைத்தார்கள். நோய் ஃபிஜி மக்களுக்குப் பரவவில்லை. டைடோவில் வந்தவர் அரசர், லியோனிடாஸில் வந்தவர்கள் கூலிகள்; கூலிகளை நிறுத்துவது சுலபம். இருந்தாலும் அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் அந்த 40,000 பேர் இருந்தார்கள். 1903 முதல் மதராஸிலிருந்து நம் ஆட்கள் வந்தபோது, சுவாவுக்கு எதிரே நுக்குலாவ் தீவில் தங்கவைத்து, சோதித்த பிறகே கரைக்கு அனுப்பினார்கள்.

படித்தபின் தூக்கம் வரவில்லை. தொப்பியைக் கழற்றினேன், சுலு கட்டினேன், வேர் கொண்டுபோனேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் சிரட்டையை வாங்கிக் குடித்தேன். அனுமதி கேட்பது என்றால் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்வதும் சேர்த்துத்தானே? "உடம்பு சரியில்ல, வேற நாள் வர்றேன்" என்றிருந்தால் அந்தப் பெரியவர் கோபித்திருக்கமாட்டார் என்றே இப்போது நினைக்கிறேன்.

எனக்கு வெறும் ஜலதோஷம்தான். மூன்றே நாளில் போய்விட்டது. அடுத்த வாரம் டாக்ஸிக்காரருக்கு போன் செய்து, அந்த ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கண்ணா. ஏன் கேக்குறீங்க?"

அவரிடம் சொன்னேன்.