தேக்கிலையைத் தின்று தீர்க்கும் அந்துப்பூச்சி

வன்னியில் தேக்கு என்றாலே நாங்கள் மரக்கடத்தலைப் பற்றித்தான் பேசுகிறோம். அதன் இலையில் வாழும் ஒரு சிறிய பூச்சியும் மரத்தின் பெறுமதியைக் குறைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் விஞ்ஞானப் பெயர் ஹிப்ளியா புவேரா. இலங்கை, இந்தியா உட்பட தேக்கு வளரும் பல நாடுகளில் இது காணப்படுகிறது.

அமர்ந்திருக்கும்போது இது காய்ந்த இலைபோல மங்கலாகத் தெரியும். முன்சிறகுகளை விரித்தால்தான் கறுப்புப் பின்சிறகில் உள்ள செம்மஞ்சள் புள்ளிகளைக் காணலாம். பெண் பூச்சி இளந்தளிர்களில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். ஓரளவு வளர்ந்த புழு, இலையின் ஓரத்தை வெட்டி மடித்து, நூலால் ஒட்டி, அந்த மறைவுக்குள் இருந்துகொண்டு தின்னும். இரண்டு வாரங்களுக்குள் வளர்ச்சி முடிந்ததும் நூலில் தொங்கி இறங்கி, நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும்.

மழைக்குப் பின் காடு முழுவதும் ஒரேநேரத்தில் துளிர்க்கும்போதுதான் ஆபத்து. புழுக்கள் பெருகினால் தளிரில் தடித்த நரம்புகளே மிஞ்சும். முற்றிய இலை சல்லடைபோல் ஆகியிருந்தால், அது பெரும்பாலும் வேறொரு அந்துப்பூச்சியின் வேலை.

இலையிழந்த தேக்கு பொதுவாகச் சாவதில்லை, மறுபடியும் துளிர்க்கும். அதனாலேயே இழப்பு கண்ணில் படுவதில்லை. பருப்பதற்குச் செலவாக வேண்டிய சக்தி புதிய இலைகளுக்குப் போய்விடுகிறது. கேரளாவின் நிலம்பூரில் இளம் தேக்குகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 1985இல் வெளியாகின. புழுவிலிருந்து பாதுகாக்கப்படாத மரங்கள், பெற்றிருக்கக்கூடிய மர வளர்ச்சியில் 44 வீதத்தை இழந்திருந்தன. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென்று காணியில் தேக்கு நட்டவர்களுக்கு இது சிறிய கணக்கல்ல.

அதற்காக உடனே பூச்சிநாசினி தெளிப்பதும் சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. உயர்ந்த மரங்களில் மருந்தைச் சீராகத் தெளிப்பது கடினம். இந்தப் புழுக்களைத் தின்னும் பறவைகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் கூடவே பாதிக்கப்படும். இப்புழுவை இயற்கையாகவே தாக்கும் வைரஸ் ஒன்றைக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்து, அதைக் கட்டுப்பாட்டு முறையாக வளர்த்தெடுத்தது. அது தொற்றிய புழு சில நாட்களில் உடல் கரைந்து இறந்துவிடும்.

எந்த முறையானாலும் புழு சிறிதாக இருக்கும்போதே செய்தால்தான் பலன். முதல் மழைக்குப் பின் வரும் தளிரை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். மடிந்த இலையோரத்தைப் பிரித்தால் புழு உள்ளே இருக்கும். மரம் மொட்டையான பிறகு தெளிக்கும் மருந்து போன இலையை மீட்டுத் தராது.