பிரிப்பதற்கு முன்

விக்கிரமங்கலத்தில் என் தாய்வழிப் பாட்டனாரின் ஓட்டு வீட்டைப் பிரித்துவிடுவதென்று குடும்பத்தில் முடிவாகியபோது, முதலில் வந்து நின்றவர் பழைய மரம் வாங்கும் வியாபாரி. வீட்டை ஒருமுறை சுற்றிவந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார், நிலையின் அடியை நகத்தால் கீறிப் பார்த்தார். ஓடு, மரம், கதவு எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொன்னார். ஒரே நாளில் இடித்து அள்ளிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. அவர் மகன் கட்டப்போகும் காங்கிரீட் வீட்டுக்குப் பிளைவுட் அலமாரிகள் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஊர் ஆசாரி ஒருவர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, உத்திரத்தையும் நிலையையும் மட்டுமாவது விடச் சொல்லுங்க. இதுல நாலு அலமாரி அடிச்சுத் தர்றேன், உங்க பேரன் காலத்துக்கும் கிடக்கும்" என்றார்.

பழைய மரம் வேண்டுமா வேண்டாமா என்ற அந்த வீட்டுச் சண்டைதான் இக்கட்டுரைக்குக் காரணம். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தச்சு தெரியாது. தெரிந்ததெல்லாம் தமிழும், ஊரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளும்தான். அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தொல்காப்பியர் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளே வைரம் உடையது மரம். வெளியே வைரம் உடையது புல். பனையும் தென்னையும் இந்தக் கணக்கில் புல்லாகிவிடும். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆசாரி சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் கைமரமாகக் கிடந்த பனைகளைக் காட்டி, "இது தோல்லதான் வைரம், உள்ள சோறு. கூரைக்கு மறுபடி போடலாம், அலமாரிப் பலகைக்கு ஆகாது" என்றார். உத்திரமும் தூண்களும் தேக்கு, அதாவது அகக்காழ். மேலே அரை விரற்கடை இழைத்துத் தள்ளிவிட்டால் உள்ளே புது மரம் போலவே இருக்கும். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரமாதலால் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்திருக்கும். அதில் செய்த கதவு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்வது குறைவு. செல்லரித்த பாகமும் உளுத்த பாகமும் இருந்தால் வெட்டிக் கழிக்க வேண்டும். அது வேறு.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம். அங்கே மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் தோண்டியபோது சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்களும், சிறு கூரை ஓடுகள் பெருந்தொகையும், கருங்கல் தூண் அடிகளும், இரும்பு ஆணிகளும் பற்றுக்கம்பிகளும் கிடைத்தன. 2021இலும் அங்கே அகழாய்வு நடந்தது. அந்தக் கருங்கல் அடிகளின்மேல் நின்றவை மரத்தூண்களாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கல் அடி இருக்கிறது, ஆணி இருக்கிறது, மரம் இல்லை. எரிந்ததா, மக்கியதா, எடுத்துச் செல்லப்பட்டதா? நல்ல மரத்தை மண்ணில் கிடந்து மக்க விடும் வழக்கம் நம் நாட்டுப்புறத்தில் என்றுமே இருந்ததில்லை. அந்தத் தூண்களில் சில யாரோ ஒரு குடியானவன் வீட்டு விட்டமாக இன்னும் சில தலைமுறை வாழ்ந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதுண்டு. இது வரலாறு அன்று, என் ஆசை.

ஆனால் பிரித்தலைப் பற்றி உறுதியான சான்று ஒன்று இதே மாவட்டத்தில், மேற்கே கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1012-13) அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணையின் பகுதி. விமானம் கட்டி முடிந்தபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1025-26), அவை புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் ஒரு பேரரசன் மறைந்து மற்றொருவன் அரியணை ஏறிவிட்டான். எழுதி வைத்த புத்தகம் காத்திருந்தது. நிலக்கொடைகளின் உரிமை அந்த எழுத்தில் இருந்தது என்பது நடைமுறைக் காரணம். இருந்தாலும், பழையதை அகற்றும் உரிமை உள்ளவனே அதில் என்ன இருந்தது என்று முதலில் கணக்கெடுக்கிறான் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியும் நம் பக்கத்திலேயே நடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் பெருமதிலைப் பெயர்த்துக் கற்களை அணைக்கு எடுத்துச் சென்றார்கள். ஊர்மக்கள் தடுத்திருக்கிறார்கள், தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855இல் வெளியான ஆங்கிலக் குறிப்பொன்று வருத்தத்துடன் பதிவு செய்கிறது. அணையால் வயல்கள் விளைந்தன, அதை மறுப்பதற்கில்லை. கல் வீணாகவில்லை என்றும் வாதிடலாம். பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது எல்லாமே நல்லது என்று பேசுகிறவர்களிடம் நான் இந்த மதிலைத்தான் காட்டுவேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இன்று 'பழைய மரம்' என்றால் பெரும்பாலோர் மனத்தில் எழுவது பர்மாத் தேக்கு. அதன் பிறப்பிடக் கதை எளியதன்று. 1852 போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1856இல் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பாளராக வந்த பிராண்டிஸ், வெட்டுவதற்கு முறையான கணக்கை ஏற்படுத்தினார். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிறையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். பிறகுதான் வெட்டு; யானை இழுத்து ஆற்றில் தள்ளும்; கட்டுமரமாகப் பிணைத்து ஐராவதி வழியே இரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கும் மன்னர் தீபோவின் அரசுக்கும் மரக்கணக்கில் எழுந்த வழக்கைச் சாக்காகக் கொண்டே 1885இல் மேல் பர்மாவையும் பிடித்தார்கள். ஒரு நாடு போவதற்கு மரக்கணக்கு காரணமாயிற்று.

அந்த ஆட்சியின் நிழலில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் ஈட்டிய பொருள் செட்டிநாட்டில் வீடுகளாக எழுந்தது. கப்பலில் வந்த தேக்கு அங்கே தூணாகவும் உத்திரமாகவும் நிலையாகவும் நின்றது. 1942இல் சப்பானியர் நுழைந்ததும் ஓட்டம். 1948க்குப் பின் நிலவுடைமைச் சட்டங்கள். 1960களில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமை. வருவாய் நின்றது. பங்காளிகளோ பெருகினர். ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள் பங்குதாரராகிவிட, பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது என்று முடிவாகாத வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிபட்டன. காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளில் தூணும் கதவும் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நிலைக்கதவு உணவு மேசையாகிறது, தூண் விளக்குத் தண்டாகிறது, உத்திரம் அறுபட்டுச் சமையலறை அலமாரியாகிறது. 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதும், 2014 ஏப்ரலில் மியன்மார் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியதும் பழைய தேக்கின் மதிப்பை உயர்த்தின என்றே கருதுகிறேன். விலை ஏறினால் இடிக்கும் வேகமும் ஏறும். சீர்செய்ய முடிந்த வீடும் மரத்துக்காகவே விழுகிறது. மறுபயன்பாட்டைப் புகழ்ந்து எழுதும் வழுவழுப்பான இதழ்களில் இந்த வரி மட்டும் இடம்பெறுவதில்லை.

வேறுவிதமாகவும் செய்திருக்கிறார்கள். டெபோரா தியாகராசன் 1984இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவை எழுப்பியபோது, இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த வட்டாரக் கைவினைஞரைக் கொண்டே மீண்டும் பொருத்தியது. 1996இல் திறந்த அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வீட்டின் தூணடியில் நின்றால், அது எங்கிருந்து வந்ததென்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. கடைத்தெருவில் கிடக்கும் தூணிடம் அப்படிக் கேட்க வழியில்லை.

சட்டமும் இதைத் தொடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளையும், நூறாண்டுக்குக் குறையாத பழமை இருப்பின், தொல்பொருள் என்கிற வரையறைக்குள் சேர்க்கிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் ஒரு செதுக்கு நிலையை ரம்பத்தில் அறுத்துப் பலகையாக்குவது யார் கண்ணிலும் படுவதில்லை.

எங்கள் வீட்டில் செதுக்கு வேலை ஒன்றும் கிடையாது. வணிகர் நகரமாக வாழ்ந்து சமண, பௌத்தச் சிலைகளையும் மிச்சம் வைத்திருக்கும் ஊரில், எங்களுடையது எளிய குடியானவர் வீடுதான். பழைய வீட்டு மரம் புதுவீட்டுக்கு ஆகாது என்று சித்தி ஒரு பக்கம் நின்றார். சுடுகாட்டு மரம், இடி விழுந்த மரம், கோயில் மரம் ஆகாது என்று சிற்பநூல்கள் விலக்குவது உண்மை. பிறந்த வீட்டு மரம் அந்தப் பட்டியலில் வராது என்று ஆசாரி சொன்ன பிறகே சித்தி இறங்கி வந்தார்.

கடைசியில் வியாபாரிக்கு ஓடும் பனங்கையும் போயின. தேக்கு தங்கியது. இடிக்கவில்லை, ஆசாரியும் இரண்டு ஆட்களும் மேலிருந்து கீழாக மூன்று நாளில் பிரித்தார்கள். தூணின் தலையை உத்திரத்திலிருந்து கழற்றியபோது, கழுந்தின் பக்கத்தில் உளியால் வெட்டிய கோடுகள் தெரிந்தன. ஒரு தூணில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. எந்தத் தூண் எந்தத் துளைக்கு என்று வீட்டைக் கட்டிய தச்சர் வைத்த அடையாளம். அத்தனை ஆண்டுகளாக அதைப் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. நான் ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன்: கிழக்குத் தாழ்வாரம், வடகோடித் தூண், மூன்று கோடு. மாமா அதை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, பிறகு தாமே வந்து, சமையற்கட்டு நிலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று திருத்தினார். அந்த நிலையில்தான் அவருடைய உயரத்தை ஆண்டுதோறும் கீறி வைத்தார்களாம்.

உத்திரத்தை அறுக்கும்போது உள்ளே ஒளிந்திருந்த ஆணியில் பட்டு ரம்பத்தின் பற்கள் போயின. அந்தச் செலவு பேரத்தில் சேர்ந்திருக்கவில்லை. நான்கு அலமாரி மூன்றாகக் குறைந்தது. சமையற்கட்டு நிலையின் அந்தப் பக்கத்தை மட்டும் இழைக்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். புதுவீட்டின் மூன்றாவது அலமாரியில், கதவைத் திறந்தால், இடப்புறச் சட்டத்தில் அந்தக் கீறல்கள் இருக்கின்றன.